சட்டம் படிக்க விரும்பும் பட்டதாரிகள் எந்த நுழைவுத் தேர்வை எழுதுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் பெற்று, கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் சிங்கப்பூர்க் குடிமகள். நிறுவனத் தகராறுகள் தொடர்பான கோப்புகளைப் பார்க்கப் பார்க்க, சட்டம் படித்து இங்கேயே வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. சென்னையில் இருக்கும் மாமா ‘கிளாட் எழுது’ என்கிறார். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ‘எல்சாட்தான் சரி’ என்கிறார். இணையவழிப் பயிற்சி நிலையம் ஒன்று, இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் எல்நாட் பயிற்சிக் கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொல்லி அடிக்கடி அழைக்கிறது. மூன்றையும் எழுதிவிடலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: மூன்றையும் எழுத வேண்டாம், பயிற்சி நிலையத்துக்கு இப்போதைக்குப் பணமும் கட்ட வேண்டாம். கிளாட் இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வு, எல்சாட் அமெரிக்க, கனடியச் சட்டப் பள்ளிகளுக்கென உருவானது, எல்நாட் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சில கேட்பது. நுழைவுத் தேர்வு என்பது கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்த நாடு எந்தப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை ஏற்கிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் நமக்குக் கட்டுப்படியாகும் பல்கலைக்கழகங்கள் எந்தத் தேர்வைக் கேட்கின்றன என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. யாரோ ஒருவர் ஒரு தேர்வின் பெயரைச் சொல்ல, அதற்குப் பயிற்சி தொடங்கி, மதிப்பெண் வந்த பிறகு அது எங்கே செல்லும் என்று தேடுகிறார்கள். மாதக்கணக்கில் உழைத்த பிள்ளை, வாங்கிய பட்டம் ஊருக்குத் திரும்பினால் செல்லாது என்று அப்போதுதான் அறிந்துகொள்ளும்போது ஏற்படும் வேதனை சாதாரணமானதன்று.

உங்கள் விஷயத்தில் முதல் முடிவு தெளிவாக இருக்கிறது. சிங்கப்பூரில் வழக்கறிஞராக வேண்டுமானால், இங்குள்ள மூன்று சட்டப் பள்ளிகளில் ஒன்றிலோ, அரசாங்கம் விதிமுறைகளில் பட்டியலிட்டுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றிலோ சட்டப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. ஆகவே, மாமா அன்போடு சொன்ன கிளாட் உங்களை நீங்கள் போக நினைக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்காது. இங்கிருந்தபடியே தொலைநிலையில் படித்துப் பெறும் பிரிட்டிஷ் வெளிவாரிப் பட்டங்களும் இதற்குப் பயன்படமாட்டா. அறிவுக்காகவும் பதவி உயர்வுக்காகவும் அவற்றைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் அவற்றை வைத்து இங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியாது.

வெளிநாட்டுப் பட்டியல் நிலையானதன்று என்பதையும் மனத்தில் வையுங்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் 19 இருந்தன. சட்ட அமைச்சு 2015இல் அந்த எண்ணிக்கையை 11ஆகக் குறைத்தது. 2016 முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு அது பொருந்தியது. மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட் போன்ற புகழ்பெற்ற பெயர்கள்கூட அப்போது நீக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதா என்பதைவிட, நீங்கள் சேரும் ஆண்டில் அது பட்டியலில் இருக்கிறதா என்பதே முக்கியம். பெயர் இருந்தாலும் அதன் எல்லாச் சட்டப் படிப்புகளும் ஏற்கப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டதாரிகளுக்கென இரண்டு ஆண்டுகளிலேயே முடியும் சட்டப் படிப்புகள் பிரிட்டனில் உண்டு. பட்டத்தின் வகை, படிப்பின் காலம், முழுநேரமாகப் படித்ததா என்பவற்றையெல்லாம் விதி தனித்தனியாகப் பார்ப்பதால், அத்தகைய படிப்பில் சேரும் எண்ணம் இருந்தால் சிங்கப்பூர்ச் சட்டக் கல்விக் கழகத்திடம் எழுத்துவழி உறுதி பெற்ற பிறகே முன்பணம் கட்டுங்கள்.

உள்ளூரில் உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கென எல்.எல்.பி. எனும் நான்கு ஆண்டு இளநிலைச் சட்டப் படிப்பை மூன்று ஆண்டுகளில் முடிக்கும் பிரிவை வைத்திருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் யோங் பங் ஹாவ் சட்டப் பள்ளி 2009 முதல் ஜே.டி. (ஜூரிஸ் டாக்டர்) எனும் சட்டப் பட்டத்தை வழங்கிவருகிறது. அதுவும் பட்டதாரிகளுக்கானதுதான், வேகமாகப் படிப்பவர்கள் இரண்டு ஆண்டுகளில்கூட முடிக்கலாம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 2017இல் தொடங்கியது. குற்றவியல் சட்டத்துக்கும் குடும்பச் சட்டத்துக்கும் வழக்கறிஞர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். தேசியப் பல்கலைக்கழகம் சுருக்கப் பட்டியலில் வருபவர்களைச் சோதித்து, நேர்முகத்துக்கு அழைத்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உடையது. சமூக அறிவியல் பல்கலைக்கழகம் எந்தத் தேர்வைக் கேட்கிறது என்பதை அதன் சேர்க்கைப் பக்கத்தில் பாருங்கள். நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் ஜே.டி. விண்ணப்பத்தில் எல்சாட் போன்ற தரப்படுத்தப்பட்ட தேர்வின் மதிப்பெண்ணுக்கு இடமுண்டு.

உங்கள் அலுவலக மூத்தவர் சொன்ன எல்சாட் இப்படித்தான் உங்கள் கதைக்குள் வருகிறது. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் சட்டப் பள்ளிகளுக்கென உருவான தேர்வு அது. மதிப்பெண் 120இல் தொடங்கி 180இல் முடியும். 2024 ஆகஸ்ட் முதல் அதன் அமைப்பு மாறிவிட்டது: தர்க்கப் புதிர்கள் என்று பலரையும் அச்சுறுத்திய பகுதி நீக்கப்பட்டு, வாதங்களை ஆராயும் பகுதிகள் இரண்டும், பத்தி வாசித்துப் பொருள்கொள்ளும் பகுதி ஒன்றும் மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகின்றன. இவற்றோடு, மதிப்பெண்ணில் சேராத சோதனைப் பகுதி ஒன்றும் கலந்து வரும். எது அந்தப் பகுதி என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய பயிற்சி நூல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதில் கணிசமான பக்கங்கள் இப்போது இல்லாத புதிர்ப் பகுதிக்கானவையாக இருக்கும்.

எல்நாட் வேறு வகையான தேர்வு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் சில, பட்டியலில் உள்ள ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், யூசிஎல், எல்எஸ்இ, கிங்ஸ், டர்ஹம், பிரிஸ்டல் உட்பட, இதைக் கேட்கின்றன. வாரிக், குவீன் மேரி போன்றவை கேட்பதில்லை. முதல் பகுதியில் 12 பத்திகளையொட்டி 42 வினாக்கள், 95 நிமிடம். இரண்டாம் பகுதியில் மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து 40 நிமிடத்தில் கட்டுரை எழுத வேண்டும். கட்டுரைக்குத் தேர்வுக் குழு மதிப்பெண் போடுவதில்லை. அது அப்படியே பல்கலைக்கழகங்களுக்குச் செல்கிறது. ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரே முறைதான் எழுத முடியும் என்பதையும், அந்த மதிப்பெண் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது என்பதையும் பயிற்சி நிலையங்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. பிரிட்டனுக்குப் போவது உறுதியாகாத ஒருவர் ‘எதற்கும் எழுதி வைப்போம்’ என்று எல்நாட் எழுதுவதில் பெரிய பயன் இல்லை.

ஆகவே என் கருத்து இது: வேலையை விட்டு நெடுங்காலம் வெளிநாட்டில் படிக்க வசதியும் விருப்பமும் இல்லாவிட்டால், எல்நாட்டை மறந்துவிடுங்கள். நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் ஜே.டி.யை மையமாக வைத்து எல்சாட்டுக்குத் தயாராகுங்கள். அதே காலத்தில் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பியுங்கள். எல்சாட்டுக்காகப் பழகும் கூர்மையான வாசிப்பு அதன் எழுத்துச் சோதனைக்கும் கைகொடுக்கும். இந்த ஆண்டின் விண்ணப்பக் கெடு, ஏற்கப்படும் தேர்வுகள் ஆகியவற்றைச் சேர்க்கைப் பக்கத்திலேயே நேரில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் சொன்னதை வைத்து நடக்காதீர்கள்.

பயிற்சிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தேர்வுகள் எதைச் சோதிக்கின்றன என்பதைக் காட்ட, நானே எழுதிய மாதிரி வினா ஒன்றைத் தருகிறேன். ‘தேக்கா வட்டாரத்தில் இலவசச் சட்ட ஆலோசனை முகாம் தொடங்கிய பின், அங்கிருந்து வரும் வாடகைத் தகராறு பற்றிய புகார்கள் இருமடங்காயின. ஆகவே, முகாம்தான் தகராறுகளைப் பெருக்கிவிட்டது.’ இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது? (அ) முகாமில் பணிபுரியும் வழக்கறிஞர்கள் ஊதியம் பெறாத தொண்டூழியர்கள். (ஆ) முகாம் தொடங்குமுன், தகராறில் சிக்கிய வாடகைதாரர்களில் பெரும்பாலோருக்கு எங்கே புகார் செய்வது என்றே தெரியாது. (இ) முகாமுக்கு வந்தவர்களில் பலர், ஆலோசனை பயனுள்ளதாக இருந்தது என்றனர்.

அவசரத்தில் பலர் (இ) என்பார்கள், ஏனெனில் அது முகாமைப் பற்றி நல்லதாகச் சொல்கிறது. ஆனால் வாதம் முகாம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியதன்று. புகார்களின் எண்ணிக்கை கூடியதிலிருந்து தகராறுகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று தாவியதுதான் அதன் ஓட்டை. தகராறு முன்பும் அதே அளவு இருந்து, புகார் மட்டும் இப்போதுதான் வெளியே வருகிறது என்று காட்டும் (ஆ) அந்தத் தாவலைத் தடுக்கிறது, விடை அதுவே. கணக்காய்வுக் கோப்பில் எண்ணும் அது குறிக்கும் உண்மையும் ஒன்றுதானா என்று நீங்கள் அலுவலகத்தில் சரிபார்க்கிறீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே திறன்தான். அந்த வகையில் உங்கள் வேலை அனுபவம் உங்களுக்குப் பெரும் பலம்.

எல்சாட்டை நடத்தும் மன்றமே முந்தைய வினாத்தாள்கள் சிலவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதலில் அவற்றில் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். வரும் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு பயிற்சி வகுப்பு தேவையா என்று முடிவு செய்யலாம். தவறவிட்ட ஒவ்வொரு வினாவுக்கும், நான் தேர்ந்த விடை ஏன் தவறு, சரியான விடை ஏன் சரி என்று இரண்டு வரி எழுதி வைப்பது, நூறு புதிய வினாக்களைப் போட்டுப் பார்ப்பதைவிடப் பலன் தரும்.

கடைசியாகக் காலக்கணக்கு. பட்டம் பெற்றதும் வழக்கறிஞராகிவிட முடியாது. பகுதி ‘பி’ எனப்படும் வழக்கறிஞர் தேர்வும் அதற்குமேல் நடைமுறைப் பயிற்சியும் இருக்கின்றன. ஆறு மாதமாக இருந்த பயிற்சிக் காலம் அண்மைச் சீர்திருத்தத்தில் ஓராண்டாக உயர்த்தப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் படித்தவர்கள் பகுதி ‘ஏ’ தேர்வையும் எழுத வேண்டும். பொதுவாக இரண்டாம் வகுப்பின் மேல்நிலையில் தேறியிருக்கவும் வேண்டும். சேமிப்பைக் கணக்கிடும்போது படிப்புக் காலத்தை மட்டும் எண்ணாமல் இந்த ஆண்டுகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

கேள்வி: நாங்கள் இந்தியக் குடியுரிமையுடன் சிங்கப்பூரில் நிரந்தரவாசிகளாக இருக்கிறோம். மகள் சென்னையில் பி.எஸ்சி. முடிக்கப் போகிறாள். சட்டம் படித்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்குள்ள பயிற்சி நிலையத்தில், பட்டதாரி என்பதால் ‘கிளாட் பி.ஜி.’க்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– தந்தை, ஈசூன்

பதில்: சேர்க்காதீர்கள். கிளாட் என்ற பெயரில் இரண்டு தேர்வுகள் நடக்கின்றன. ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்வதற்கானது. மற்றொன்று, பி.ஜி. என்பது, ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்றவர்கள் எல்.எல்.எம். எனும் முதுநிலைச் சட்டப் படிப்பில் சேர்வதற்கானது, அதன் வினாக்கள் அரசமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் என்று சட்டப் பாடங்களிலிருந்தே வரும். அறிவியல் பட்டதாரியான உங்கள் மகளுக்கு அதை எழுதும் தகுதியே கிடையாது. பி.எஸ்சி. மாணவியைப் பார்த்து ‘பட்டதாரி, ஆகவே பி.ஜி.’ என்று சொல்லும் நிலையம், தெரியாமல் சொன்னாலும் தெரிந்து சொன்னாலும் உங்கள் பணத்துக்குத் தகுதியானதன்று.

அவளுக்குரியது மூன்றாண்டு எல்.எல்.பி. தமிழ்நாட்டில் அதற்கு நுழைவுத் தேர்வே இல்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், தன் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் இணைவுபெற்ற அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் பட்டப்படிப்பு மதிப்பெண், இட ஒதுக்கீடு ஆகியவற்றின் அடிப்படையில் மாணவர்களைச் சேர்க்கிறது. அப்படியிருக்க, இப்போது அவளுக்கு மிகச் சிறந்த ‘நுழைவுத் தேர்வுப் பயிற்சி’ கடைசிப் பருவத் தேர்வுகளை நன்றாக எழுதுவதுதான். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிப்படி பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும் என்பது அடிப்படைத் தகுதி மட்டுமே. நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க அதைவிட வெகுவாகக் கூடுதல் தேவைப்படும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே போகத் தயாராக இருந்தால், நான் முதலில் காட்டுவது பெங்களூரிலுள்ள இந்திய தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகத்தை. 2022 முதல் அங்கே மூன்றாண்டு எல்.எல்.பி. நடக்கிறது, அதற்கான தேர்வு கிளாட் அன்று, அந்தப் பல்கலைக்கழகமே தனியாக நடத்தும் என்எல்சாட். கொள்குறி வினாக்களோடு விரித்து எழுதும் பகுதியும் அதில் உண்டு என்பதால், மனப்பாடம் அங்கே உதவாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் கியூட் பி.ஜி. எனும் பொது நுழைவுத் தேர்வு வழியாக எல்.எல்.பி.க்குச் சேர்க்கின்றன. இந்தத் தேர்வின் பெயரிலும் பி.ஜி. என்று இருந்தாலும், இது அவள் எழுதக்கூடியதே. மகாராஷ்டிரத்தில் எம்எச் சிஇடி, தெலுங்கானாவிலும் ஆந்திராவிலும் லாசெட் என்று சில மாநிலங்களுக்குத் தனித் தேர்வுகள் இருக்கின்றன. ஆனால் சென்னையில் வழக்காட விரும்புபவர், உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய் விசாரணைகளைக் கவனிக்கவும், மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் மாணவப் பருவத்திலேயே பழகவும் வாய்ப்புள்ள ஊரைவிட்டுப் போவதற்கு வலுவான காரணம் வேண்டும். பெங்களூர் அந்த அளவுக்குத் தகுதியான காரணம். மற்றவற்றுக்கு நான் தயங்குவேன்.

பட்டம் பெற்றதும் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, 2010இல் அறிமுகப்படுத்தப்பட்ட அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். இன்னொன்றையும் இப்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதிவு செய்துகொள்பவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. பிற நாட்டவருக்கு, அவர்களுடைய நாடு இந்தியர்களுக்கு அதே உரிமையைத் தந்தால்தான் வாய்ப்பு. நிரந்தரவாசிக் குடும்பங்களில் சில ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பேச்சு எழுவது இயல்பு. மகளின் தொழிலை அது நேரடியாகத் தொடும். அதேபோல், இந்தியச் சட்டப் பட்டத்தோடு பின்னாளில் இங்கே வந்து வழக்கறிஞராக முடியாது என்பதை முதல் கேள்விக்கான பதிலில் கண்டீர்கள். சென்னைதான் என்று அவள் உறுதியாக இருந்தால் இவை எதுவும் தடையில்லை. பாதி மனம் இங்கே இருந்தால், பி.எஸ்சி. முடித்ததும் உள்ளூர்ச் சட்டப் பள்ளிகளுக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

கேள்வி: எனக்கு 44 வயது. தளவாடத் துறையில் மேற்பார்வையாளர். பொருளியல் பட்டதாரி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இந்த வயதில் எல்சாட் எழுத அனுமதிப்பார்களா? எத்தனை முறை எழுதலாம்? வேலையை விட முடியாத நிலையில் சட்டம் படிக்க வழியுண்டா?
– வாசகர், பிடோக்

பதில்: எல்சாட்டுக்கு வயது வரம்பு இல்லை. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத முடியும். அதற்குள்ளும் குறிப்பிட்ட காலத்துக்குள் ஐந்து முறை என்ற வரம்பு உண்டு. எனவே ‘ஒத்திகைக்காக ஒருமுறை’ என்று உண்மைத் தேர்வுக்குப் போகாதீர்கள். வீட்டில் நேரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பெண் வரத் தொடங்கிய பிறகு பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் சூழ்நிலைக்கு எல்சாட்டைவிட முக்கியமானது வகுப்பு நேரம். வேலையை விட முடியாதென்றால், பகுதிநேரமாகப் படிக்க இடமளிக்கும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜே.டி.யையே முதலில் பாருங்கள். வாழ்க்கையில் அனுபவப்பட்டவர்களை அது வரவேற்கிறது. குடும்ப நீதிமன்றத்திலும் குற்றவியல் வழக்குகளிலும், கட்சிக்காரர் தம் மனத்தில் இருப்பதைத் தமிழிலேயே சொல்ல, அதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வழக்கறிஞர்கள் இன்னும் பலர் தேவை என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். மணமுறிவு கேட்டு வந்த மூதாட்டி ஒருவர் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவது எளிதில் நடக்கக்கூடியது. உங்கள் வயதும் நிதானமும் அங்கே மதிப்புள்ளவை.

பொதுவரவேற்பு நாளில் நேரில் சென்று, வாரத்தில் எத்தனை மாலைகள் வகுப்பு, கட்டாயப் பயிற்சிக்கு முழுநேர விடுப்பு எப்போது தேவைப்படும், பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு நடைமுறைப் பயிற்சியின்போது ஊதியம் எப்படி என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டு முழுநேரமானது. அப்போது தளவாட வேலையைத் தொடர முடியாது. அந்த ஓராண்டை எப்படிச் சமாளிப்பது என்று வீட்டில் பேசித் தெளிந்த பிறகு விண்ணப்பப் படிவத்தைத் திறங்கள்.